பாஸ்கரனுக்கு ஒரு ஒப்பாரி

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். திராட்சைக்கு ஆகாது, பழம் வெடித்துவிடும். வீட்டுக்காரர் பந்தலையே சுற்றிச் சுற்றி வருகிறார். மதியம் புளிக்குழம்பு, அப்பளம்.

செல்போனில் ஸ்கா. நடித்த புதுத் தொடரின் தமிழ் முன்னோட்டம். (ஸ்கா. = ஸ்காட்லாந்துக்காரி. பன்னிரண்டு வருடமாக அந்த நடிகைக்குத் தமிழ்க் குரல் நான்தான்.) அவள் வாயைத் திறந்தாள். என் குரல் வந்தது. நான் பேசவே இல்லை!

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். என் குரலேதான். தை மாதம் டப்பிங் கம்பெனி பாஸ்கரன் சென்னை ஸ்டுடியோவில் என்னை உட்காரவைத்து, "சும்மா டெஸ்ட்டுக்குக்கா" என்று இரண்டு நாள் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னான். அதைத்தான் குரலைக் காப்பியடிக்கிற மெஷினுக்குத் தீனி போட்டிருக்கிறான். பாவி. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பாஸ்கரனுக்கு ஆறு போன். எடுக்கவில்லை. ஸ்கா.வின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் கதை, எனக்குத் தெரிந்தவரை:

– அப்பாவுக்கு மீன்பிடிப் படகு. பதினாறு வயதில் மேடை நாடகம்.
– டிவியில் போலீஸ்காரி. என் முதல் டப்பிங்.
– அமெரிக்காவில் மூன்று படம். பேய்ப்படத்தில் அவள் கத்தினாள், எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பனங்கற்கண்டு.
– விவாகரத்து 2, முழங்கால் ஆபரேஷன் 1.
– இப்போது மகனைப் பறிகொடுக்கும் தாய்.

ஊர்ப்பேச்சை மறைக்கச் சொல்லி அவளையும் வதைத்திருக்கிறார்கள். ஒரு பேட்டியில் சொன்னாள். கோபம் வந்தால் தானாக வந்துவிடுமாம். எனக்கு ஊர் கம்பம். பாஸ்கரன், "கம்பத்தை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க" என்பான். இத்தனைக்கும் அவன் பக்கத்துச் சின்னமனூர்க்காரன்.

இன்னொன்று. பொய் சொல்லும் காட்சி என்றால், வசனத்துக்கு முன்னால் மூக்கால் மெல்ல ஒரு மூச்சு இழுப்பாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கூடவே நானும் இழுத்திருக்கிறேன். மெஷின் இழுக்கவில்லை.

ஜூன் 14, சனி

அவனே கூப்பிட்டான்! குரலில் தேன் வழிகிறது. மெஷினுக்கு எல்லாம் வருகிறதாம், அழ மட்டும் வரவில்லையாம்.

"போர் மோட்டார் காத்து இழுக்குற மாதிரி இருக்குக்கா. மகன் செத்த சீன். ஒரு பத்து நிமிசம் அழுது குடுங்க. ரெக்கார்டரத் தூக்கிட்டு நானே கம்பம் வந்துர்றேன்."

"நம்மூரு ஒப்பாரி மாதிரியா?"

"அதேதான்க்கா. நெஞ்சு பதறணும்."

வாடா ராசா, வா.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "சாவு விழுகாத வீட்டுல ஒப்பாரி வைக்கிறதா? ஆகாது, சொல்லிட்டேன். பேரு சொல்லித்தான அழுகணும், யாரச் சொல்லி அழுவ?"

"அதுக்கு ஆள் வர்றாக."

ஜூன் 16, திங்கள்

நல்ல வெயில். பத்து மணிக்கு வந்தான், புதுக் காரில். சாமான் அறையில் நாலு சுவரிலும் போர்வை கட்டினோம். காலித் திராட்சைக் கிரேட் மேல் ரெக்கார்டர். காதில் ஹெட்போன் மாட்டி எதிரே உட்கார்ந்தான்.

முதலில் நியாயமாகத்தான் கேட்டேன். "என் குரல மெசின்லருந்து எடுத்துட்டு, எழுதிக் குடு."

சிரித்தான். "அது கம்பெனி முடிவுக்கா. என் கையில என்ன இருக்கு?"

சரி. கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். மாரில் அடித்துக்கொண்டு எடுத்தேன்.

"மதுர ரோட்டுல காரு ஓட்டி
மைக்கு ரெண்டு தோளுல மாட்டி
வந்த மகன் பாஸ்கரனே
வாய் தெறக்காமக் கெடக்கிறியே!"

முதல் சுற்றில் சவுண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் சுற்றில் சின்னமனூரையும் அவன் அப்பா பேரையும் சேர்த்தேன். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

"பேர மாத்துங்கக்கா! உசுரோட இருக்கேன்க்கா!"

நிறுத்தவில்லை. சென்னைப் பேச்சு எங்கே போனதோ, பயம் மட்டும் ஊர்ப் பயம். உயிரோடு இருப்பவன் பேரைச் சொல்லி அழுதால் என்ன ஆகும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்வையாவது தடுப்பதாவது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா நாலு பெண்களோடு மாரடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஏ ஆத்தா! யாரு அந்த பாஸ்கரன்? எப்பப் போனாக?"

அவனைக் கை காட்டினேன். ஐந்து பேரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் காருக்கு ஓடினான். கிரேட் மேல் ரெக்கார்டர் சிவப்பு லைட்டோடு ஓடிக்கொண்டிருந்தது.

அழுதது நடிப்பில்லை. பன்னிரண்டு வருடமும் சேர்ந்து வந்தது. முடித்ததும் நல்ல பசி, மூன்று தோசை.

ஜூன் 20, வெள்ளி

கூரியர். கடிதம், கையெழுத்து, சீல். என் குரலை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொடர் முழுக்க நானே பேச வேண்டும், அழுகை உட்பட. கூடவே பாஸ்கரன் எழுதிய துண்டுச் சீட்டு: ஒப்பாரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், விஷயம் தெரிந்ததிலிருந்து அம்மா சாப்பிடவில்லை.

அது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

ஜூன் 21, சனி

வானம் மூடாக்கு. காற்று. குலை வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ரெக்கார்டரைத் துணியில் சுற்றி, துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை போட்டுக் கேட்டால் அன்றைக்கு முழுக்க மனசு நன்றாக இருக்கிறது.

பாஸ்கரன் போன், இன்றைக்கு நாலாவது. "அக்கா, சத்தியமா அழிச்சுட்டீகளா?"

மூக்கால் மெல்ல ஒரு மூச்சு இழுத்தேன்.

"அழிச்சாச்சுப்பா."