எதிர்ப்பக்கம் சுற்றும் சக்கரம்

20 நவம்பர் 1989, திங்கள்

காலையிலிருந்து தூறல். நூலகத்தில் வடக்குச் சுவர் மறுபடி ஒழுகுகிறது. வரலாற்று அலமாரியை நகர்த்தினேன், தனியாக. வாசகர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

வேண்டியவை: மண்ணெண்ணெய் 2 லி., உப்புத்தாள் (நைசு), தோல் வார், பழைய பல் பிரஷ் (அம்மாவுடையது, கேட்காமல்).

ஆறாவது தையல் மிஷினின் சக்கரம் இன்று அசைந்துவிட்டது. ஆவடி பாஷா பாயின் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. மண்ணெண்ணெயில் பதினேழு நாள் ஊறியது. சந்தோஷம் நான்கு நிமிடம் இருந்திருக்கும்.

அம்மா: "ஆறு மிஷின் இருக்கு இந்த வீட்ல. ஒரு ஜாக்கெட் தெச்சிருக்கியா நீ? கொக்கி பிஞ்சா ஊக்கு குத்திக்கிற."

உண்மை. எனக்குத் தைக்க வராது. துருப்பிடித்தது மறுபடி ஓடினால் போதும், பிறகு துணி போட்டு மூடிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் நிச்சயமான கல்யாணம் நின்றுபோன மாதத்தில்தான் முதல் மிஷின் வாங்கினேன் என்பதை அம்மா சொல்வதில்லை. நானும்.

22 நவம்பர், புதன்

மழை விட்டது. பிலோமினா அக்கா நூலகத்துக்கே வந்துவிட்டார். நசரத்பேட்டையில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் தையல் வேலை. வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடம். மிஷின்தான் சோறு. என் ஜாக்கெட்டுகள் எல்லாம் அவர் தைத்தவை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார், சேற்றுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பாப்பா, மிஷினு மெரிக்க மெரிக்க நவுர மாட்டேங்குது. சக்கரம் கல்லு மாரி கீது. நீ பழசெல்லாம் சரி பண்ணிக்கினு கீறியாமே, உங்கம்மா சொன்னாங்க. ஒரு பார்வ பாரேன். ஞாயித்துக்கெழம கிளாஸ் டீச்சரு பதினோரு கவுனு குடுத்துட்டுப் பூட்டாங்க. வெள்ள கவுனு. பசங்களுக்கு சம்மனசு வேஷம், றெக்க வெச்சு. கிறிஸ்மஸுக்கு முன்ன வோணும்."

வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. வருகிறேன் என்றேன்.

24 நவம்பர், வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும். விட்டால் நாளைக்குள் வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொள்வேன்.

அளவு கொடுக்கப் போனபோதெல்லாம் அந்த மிஷின் துணிக்குவியலுக்குள் இருந்திருக்கிறது. இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கறுப்பு. தங்க நிறத்தில் கொடியும் பூவும், பாதி தேய்ந்தவை. முகத்தகட்டில் செதுக்கல். கழுத்து ஒல்லி. அடிநூல் சுற்றும் பாபின் ஒரு காசு மாதிரி தட்டை. இந்த வகையை ஒரே ஒரு முறை, நூலகத்தின் மேல்தட்டில் கிடக்கும் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

"மிஷன் பங்களா தொரசானி ஊருக்குப் போறப்ப எங்க மாமியாருக்குக் குடுத்தது. அப்பறம் என் கைக்கு வந்துச்சு. முப்பது வருசம்" என்றார்.

தகட்டைக் கழற்றியதும் வாசனை. தேங்காய் எண்ணெய்.

"என்ன எண்ணெய்க்கா விட்டீங்க?"

"தலைக்கி வெக்கிறதுதான். மிஷின் எண்ண தீந்துபோச்சு. மழைல யாரு போறது?"

வீட்டுக்கு வீடு நடக்கும் தப்பு. தேங்காய் எண்ணெய் காய்ந்து மஞ்சள் பிசினாகி ஒவ்வொரு மூட்டையும் கவ்விக்கொள்ளும். மண்ணெண்ணெயை விட்டுச் சில நாள் பொறுமையாக இருந்தால் தானே விடும். பார்த்த ஒரு நிமிடத்தில் எனக்கு இது தெரிந்துவிட்டது.

நான் சொன்னது: "உள்ள தண்டு தேஞ்சுபோச்சுக்கா. இது செத்த மிஷின். என்கிட்ட நல்லா ஓடுறது ஒண்ணு இருக்கு, அத எடுத்துக்குங்க. இத நான் வச்சிக்கிறேன்."

வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத ஆசை. இல்லை. மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருப்ப பாப்பா. உனக்கு ஒரு நல்ல எடம் அமையணும்னு மாதாகிட்ட கேக்கறேன்."

25 நவம்பர், சனி

மீன்பாடி வண்டி. போகும்போது என் மிஷின் தலை, வரும்போது அக்காவுடையது. அடிக்கட்டையும் மிதியும் அக்காவிடமே இருக்கின்றன, தலையை மட்டும் மாற்றிப் பொருத்தினேன். வண்டிக்காரர்: "இன்னாமா, போவசொல்லோ ஒரு மிஷினு, வர்சொல்லோ ஒரு மிஷினு. அது அங்கியே, இது இங்கியே இருந்தா எனக்கு இடுப்பாவது மிஞ்சும்."

ஏழாவது. என் அறையில், ஜன்னலுக்குக் கீழே.

29 நவம்பர், புதன்

ஜலதோஷம். நூலகத்தில் இரண்டு புத்தகம் காணவில்லை.

ஏழாவதை இன்னும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நினைத்தபடி இல்லை. அந்த நான்கு நிமிடச் சந்தோஷம்கூட வரவில்லை.

அம்மா கோயிலில் அக்காவைப் பார்த்தாளாம். "நூல் அறுந்துகிட்டே இருக்காம். ரெண்டு ஊசி ஒடச்சிட்டா. பாப்பா குடுத்தது நல்ல மிஷின்தான், எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொல்றா."

1 டிசம்பர், வெள்ளி

நசரத்பேட்டை போனேன். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று ஓடுகிறது. அக்கா உட்கார்ந்தார். நான்காவது தையலில் நூல் அறுந்து அடியில் கொத்தாகச் சிக்கிக்கொண்டது.

"நீ ஒக்காந்தா பாடுது. நான் ஒக்காந்தா அழுவுது. ஆள் பாத்து வேல செய்யுது பாரேன் கய்த."

சிரித்தார். நானும் சிரித்தேன், கடவுளே.

முடிந்த கவுன்: ஒன்று. அதிலும் கைப்பட்டி கோணல்.

3 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் கவனம் இல்லை.

மதியம் ஏழாவதின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தேன். சக்கரத்தின் அழுக்குக்குக் கீழே சின்னதாய் ஓர் அம்புக்குறி. தைப்பவரை நோக்கி அல்ல, தைப்பவரிடமிருந்து விலகி. நம் மிஷின்கள் எல்லாம் நம்மை நோக்கிச் சுற்றுபவை. இது எதிர்ப்பக்கம் சுற்றுவது.

துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முப்பது வருடம் அக்காவின் வலது கை சக்கரத்தை வெளியே தள்ளித்தான் தையலைத் தொடங்கியிருக்கிறது. காலும் அந்தக் கணக்கில்தான் மிதிக்கிறது. நான் கொடுத்ததைத் தள்ளியதும் அது பின்னோக்கி ஓடி நூலை அறுக்கிறது. மிஷினில் கோளாறு இல்லை. அக்காவிடமும் இல்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளையே மண்ணெண்ணெய் விட வேண்டும்.

4 டிசம்பர், திங்கள்

விடவில்லை.

7 டிசம்பர், வியாழன்

விடவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு பொய் தயாராக இருக்கிறது: 'தண்டு கிடைத்துவிட்டது, மாற்றிவிட்டேன்.' அக்கா மறுபடி கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைத் தாங்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையான காரணம் அதுவல்ல. எனக்கு அது வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றியதில்லை. தோன்றிய ஒன்று இப்படி.

இத்தனை புத்தகம் படித்து என்ன. மனிதர்கள் ஏன் தப்புச் செய்கிறார்கள் என்பதற்கு முந்நூறு பக்கக் காரணங்கள் தெரியும். ஒரு சீசா மண்ணெண்ணெயைச் சாய்க்கத் தெரியவில்லை.

குறைந்தது வழி சொல்லியிருக்கலாம், சக்கரத்தை உங்கள் பக்கம் இழுங்கள் என்று. சொன்னால், என்னுடையது வேறு பக்கம் சுற்றியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதனால் அதுவும் இல்லை.

12 டிசம்பர், செவ்வாய்

மழை, காற்று. அம்மா: "பாவம், பிலோமினா கண்ணு வீங்கிக் கிடக்கு. பதினொண்ணுல ரெண்டுதான் முடிஞ்சிருக்காம். இருபத்திமூணாந்தேதி வரல்லன்னா துணியத் திருப்பி வாங்கிக்கிறேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. இனிமே கோயில் வேலையே கிடையாதாம்."

கோயில் வேலை என்றால்: முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் புதுநன்மைக் கவுன்கள், பூசை உதவிப் பையன்களின் அங்கி, பீடத் துணி. அக்காவின் வருடத்தில் பாதி.

மண்ணெண்ணெய் விட்டேன். எல்லாத் துளையிலும். மணி மாலை ஆறரை. பதினெட்டு நாள் தாமதம்.

15 டிசம்பர், வெள்ளி

மேல் பாகம் விட்டுவிட்டது. ஊசித்தண்டு இறங்குகிறது. அடியில், பாபின் சுழலும் தண்டு மட்டும் இறுக்கம். இன்னும் நாலைந்து நாள் ஊறினால் போதும். ஆறாவதுக்குப் பதினேழு நாள் கொடுத்தவள் நான்.

ஆனால் இருபத்திமூன்று கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இன்று கொடுத்தால் ஒன்பது கவுனுக்கு எட்டு நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து அடிப்பாகத்தைச் சூடு காட்டினேன். மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். மெதுவாக. பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை.

சின்னச் சத்தம். கண்ணாடி வளையல் உடைவது போல. கழுத்து அடித்தட்டோடு சேரும் இடத்தில் ஒரு கோடு, மயிரிழை அளவு. கையை வைத்ததும் மயிரிழை அல்ல.

அம்மா அடுக்களையிலிருந்து, "என்னடி உடைஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

16 டிசம்பர், சனி

அரை நாள் லீவு. தலையைச் சாக்கில் சுற்றி ஆவடிக்குப் பேருந்து. மடியில் வைத்துக்கொண்டே போனேன். பாஷா பாய் கண்ணாடி போட்டுப் பார்த்தார், விரலால் தடவினார்.

"வார்ப்பிரும்பும்மா. சூடு காட்டி அடிச்சீங்களா? நீங்களா? ரெண்டு வருசமா எனக்கே பாடம் சொல்லிட்டு, கடைசில நீங்களா?"

"பத்தவைக்க முடியாதா பாய்?"

"வெக்கலாம். வெச்சா உங்க மனசுக்கு நிக்கும், மிஷினுக்கு நிக்காது. ஓட்டுற அதிர்ச்சில வாய் பொளந்துக்கும்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு: "டீ சொல்லட்டுமா? ஒக்காருங்க. யார் ஊட்டு மிஷினு இது?"

சொல்லவில்லை. டீயும் குடிக்கவில்லை.

17 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் சாக்கோடு அக்கா வீட்டுக்கு. தரையில் வைத்துப் பிரித்தேன். அக்கா விரிசலைப் பார்த்தார். குனிந்து அதன் மேல் கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

"நீதான் அன்னிக்கே சொன்னியே பாப்பா, செத்துப்போச்சுன்னு. அதுக்கு இன்னா பண்ணுவ. இதத் தூக்கிக்கினு மழைல வந்தியா?"

அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். வாசல் திறந்துதான் இருந்தது. நான் சொன்ன பொய் தானே நடந்து வந்து உண்மையாகி நின்றது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

சொன்னேன். தேங்காய் எண்ணெய், ஒரு நிமிடத்தில் தெரிந்தது, தண்டு தேயவில்லை, எனக்கு ஆசை, அம்புக்குறி, ஒன்பது நாள் சும்மா இருந்தது, ஸ்டவ், சுத்தியல். வரிசையாக. என் குரல் நூலகத்தில் விதிகளைப் படித்துக் காட்டும் குரலாக இருந்தது.

அக்கா விரிசலின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அடுத்த வீட்டு வானொலியில் விளம்பரம். பிறகு:

"அப்ப எனக்கு வயசாவல."

"இல்லக்கா."

"கையி நடுங்குதுன்னு நெனச்சேன். தெனம் ராவுல அழுதேன், கண்ணு பூட்ச்சின்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். துணி மூட்டையை என் பக்கம் தள்ளினார்.

"ஒக்காரு. கீழ்மடிப்பு வருமா? வராதா? ஊசியாவது கோக்க வருமா?"

20 டிசம்பர், புதன்

மூன்று நாளாக நூலகம் முடிந்து நேராக நசரத்பேட்டை. ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அக்கா துணியைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் சக்கரத்தை அவரை நோக்கி இழுத்துவிடுகிறேன். அவர் கை பழக்கத்தில் வரும்போதெல்லாம் என் கை மேல் படும், உடனே எடுத்துக்கொள்வார்.

பேச்சு: "இழு." "நிறுத்து." "நூலு." அவ்வளவுதான். பாப்பா இல்லை.

இடைவேளையில் கீழ்மடிப்பு, கையால். விரலில் ஏழு குத்து. வெள்ளைத் துணியில் ரத்தப்பொட்டு. அக்கா எச்சில் தொட்டு எடுத்துவிட்டார், என்னைப் பார்க்காமல்.

முடிந்தவை: ஆறு.

அம்மாவுக்கு ஆச்சரியம். "தையல் கத்துக்கறியா? நல்லதுடி. இப்பவாவது புத்தி வந்துதே."

23 டிசம்பர், சனி

பதினொன்றும் முடிந்தன. டீச்சர் வந்து எண்ணி வாங்கிக்கொண்டார். "லேட்டானாலும் உங்க கை கைதான் பிலோமினா. புதுநன்மைக்கும் நீங்களே." அக்கா தலையாட்டினார். என் பக்கம் கையைக் காட்டி, "இதுவும் தெச்சுது" என்றார். இது.

உடைந்த தலை மூலையில் சாக்கின் மேல் இருக்கிறது. எடுத்துப் போகட்டுமா என்று கேட்கத் துணிவு வரவில்லை. எனக்கு அது வேண்டாம் என்று சொல்லவும்.

24 டிசம்பர், ஞாயிறு

வெயில், ஆச்சரியம். தெருவெல்லாம் நட்சத்திரம் கட்டுகிறார்கள்.

என்னிடம் மிச்சமிருக்கும் ஐந்தில் கைப்பிடி வைத்த மிஷின் ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோகலாம் என்று யோசனை. எந்தப் பக்கம் சுற்றினாலும் கை பார்த்துக்கொள்ளும். கேட்கப் போனேன். அக்கா வீடு பெருக்கிக்கொண்டிருந்தார். நூல் துண்டுகள், வெள்ளை, ஒரு முறம் நிறைய.

"வேணா. இதே பயகிக்கும். முப்பது வருசம் அப்படி, மிச்சத்துக்கு இப்படி." துடைப்பத்தைத் தட்டினார். "ராப்பூசைக்கு வருவ இல்ல?"

"வருவேன்க்கா."

"வந்தா எம்பக்கத்துல ஒக்காராத."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போல. எத்தனை வருடமாகவோ பெண்கள் பக்கம், மூன்றாவது தூணுக்கருகே, ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி என்றேன். வந்துவிட்டேன்.

அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள், நீ இன்னும் கிளம்பலையா என்று. தலைவலி என்றேன்.