கூடையில் போடாதவள்

18 ஆகஸ்ட் 1962, சனிக்கிழமை. ஆலங்குடி.

ஒரு விளையாட்டைப் பற்றி எழுத மண்ணெண்ணெயை எரிப்பது தப்புதான். ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

எங்கள் பள்ளிப் பெண்கள் இரண்டாம் வருடமாகக் கூடைப்பந்துக் கோப்பையை ஜெயித்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் சாயங்காலம் முழுக்க ஒரே வாக்குவாதம். போன வருடத்து பிலோமினா பெரியவளா, இந்த வருடத்து ராஜாமணியா?

"பிலோமினா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் கூடையில விழும்" என்றார் கணக்கு டீச்சர்.

"ராஜாமணி ஒசரத்துக்கு ஒங்க பிலோமினா எட்டுவாளா?" என்றார் தமிழ் டீச்சர்.

வெளியே ராஜாமணி நின்றாள். "எங்க போய் நிக்கணும்னு ஒனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க டீச்சர் தெரியும்? வீராயி கண்ணைக் காட்டுவா, அங்கிட்டு ஓடுவேன். பந்து கைக்கு வந்துரும்."

ஆட்டம் பார்க்க வந்திருந்த பிலோமினாவும் சிரித்தாள். "எனக்கும் அவதான் டீச்சர்."

இரண்டு வருடமும் அணியில் ஆடியும் வீராயி ஒரு தடவைகூடக் கூடையில் போட்டதில்லை. அதனால் யாரும் அவள் பேரை எடுக்கவில்லை.

ஜில்லா அணிக்கு ஒருத்தியைத்தான் அனுப்பலாமாம். திங்கட்கிழமை தலைமையாசிரியை பெயர் கொடுக்கிறார். ராஜாமணிதான் என்கிறார்கள். எல்லாப் பள்ளிக்கூடமும் கூடையில் போடுகிறவளையே அனுப்பினால், அங்கே பந்தைக் கொடுக்க யார் இருப்பார்கள்?

ஆசிரியர் அறையில் இதைக் கேட்கத்தான் எழுந்தேன். கேட்காமல் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியை அறைக்குப் போகவேண்டும். இங்கேயாவது ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

பெரிய டீச்சர், வீராயியை அனுப்புங்க.