பின்பக்கத்து மண்

மார்ச் 4

அஸ்திவாரக் குழி தோண்டி முடிந்தது. கரையான் மருந்து என்றைக்கு அடிப்பீர்கள் என்று மேஸ்திரியிடம் இன்றும் கேட்டேன். "பாத்துக்கலாம்மா." எதைக் கேட்டாலும் இதே பதில். மனசுக்குள் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

அவருக்கென்ன! வாடகை வீட்டு அலமாரியில் கரையான் ஏறி, தைக்க வந்த துணியெல்லாம் சல்லடையானபோது வாடிக்கைக்காரிகள் முன்னால் நின்றது நான்தானே. ஒருத்தி தன் துணியை உதறினாள். மண்ணாகக் கொட்டியது. ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்புறம் வரவும் இல்லை. புது வீட்டில் பின்னறைதான் என் தையலறை. அங்கே அந்தப் பூச்சி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

மார்ச் 9

மருந்தடிக்கிறவர் வந்தார். டிரம்மில் தண்ணீரோடு கலந்ததும் பால் மாதிரி வெளுத்தது. வாடை மூக்கைத் துளைத்தது. முன்பக்கமும் பக்கவாட்டுகளும் அடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றேன். அப்போது இவர் வந்து, "வாடையில உனக்குத் தலை வலிக்கும். நீ கிளம்பு, பின்பக்கத்தை நான் நின்னு பாக்கறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் தலைவலிக்காக இவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் 10

பின்பக்கக் குழியில் இறங்கி மண்ணை அள்ளி மோந்து பார்த்தேன். ஈரம் இருக்கிறது, வாடை இல்லை. முன்பக்கம் இன்னும் குடலைப் புரட்டுகிறது. "காத்துல போயிருக்கும்மா" என்கிறார் மேஸ்திரி பாத்துக்கலாம். காற்று பின்பக்கம் மட்டும்தான் அடிக்குமா?

மார்ச் 11

இவரிடமே கேட்டேன். "அடிச்சாங்களே, நான்தான் நின்னேனே" என்று சொல்லிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். செருப்பு காலில் இருந்தது.

ஏப்ரல் 2

குழியெல்லாம் மூடிச் சுவர் எழும்பிவிட்டது. இனி எதை மோந்து பார்ப்பது.

பின்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள். புருஷன் வெளியூரில் வேலை, கையில் குழந்தை. இன்று நான் போனபோது இவரும் அவளும் மதிலோரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு பட்டென்று நின்றது. அவள் உள்ளே போய்விட்டாள்.

"என்ன பேசினீங்க?"

"சும்மா. வெயிலைப் பத்தி."

வெயிலைப் பற்றிப் பேசக் குரலைத் தாழ்த்தணுமா?

ஏப்ரல் 15

இவர் கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். பின்வீட்டில் கொடுத்தார்களாம். எதற்கு? "அக்கம்பக்கம்னா அப்படித்தான்." எனக்கும் தெரியும் அக்கம்பக்கம். யாரும் எனக்கு ஒரு பழம்கூடக் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 16

பழத்தைத் தொடவில்லை. வாடட்டும்.

ஆகஸ்ட் 20

குடிவந்தாயிற்று. தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டேன். நல்ல வெளிச்சம். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஜன்னலைத் திறந்தால் மதில், மதிலுக்கு அந்தப்புறம் அவள் வீட்டுக் கொடி. அவள் துணி காயப்போட வரும்போதெல்லாம் நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன். இதுவா வாழ்க்கை?

செப்டம்பர் 12

வந்துடுச்சு. வந்தே வந்துடுச்சு.

தையலறைக் கதவு நிலையில், கீழே, விரல் தடிமனுக்கு ஒரு மண் கோடு. கத்திரி முனையால் மரத்தைக் குத்தினேன். பஞ்சில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிகிறது. அய்யோ, புது நிலை! துணி மூட்டைகளையெல்லாம் நானே இழுத்துக் கூடத்தில் போட்டேன். இவர் வந்து பார்த்தார். ஆச்சரியம்கூடப் படவில்லை.

செப்டம்பர் 13

மருந்தடிக்கிறவரை வரவழைத்தேன். நேராகவே கேட்டேன். அவர் இவரைப் பார்த்தார், இவர் தரையைப் பார்த்தார்.

"பின்பக்கம் வெறும் தண்ணிதாம்மா அடிச்சேன். சார்தான் அப்படிச் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க."

அவர் போனதும் இவர் உட்கார்ந்துவிட்டார்.

"மதிலை ஒட்டியே அந்தப் பொண்ணோட கிணறு இருக்கு. குடிக்க வேற தண்ணி கிடையாது. மருந்து ஊறி இறங்கிட்டா என்ன பண்றது, பச்சப்புள்ள குடிக்கிற தண்ணின்னு கெஞ்சிச்சு. சரின்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

நான் எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 14

விட்டிருப்பேன்.

பொய். விட்டிருக்க மாட்டேன். அதுதான் சுடுகிறது. என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். ஆனால் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். அப்புறம் ஒருவேளை... தெரியாது. தெரிந்துகொள்ளவே விடவில்லையே இந்த மனுஷன். நான் கண்டதையும் நினைத்து வெந்ததெல்லாம் யார் தலையில் கட்டுவது?

செப்டம்பர் 16

சுவரோரம் துளை போட்டு மருந்து செலுத்த, துளை மிஷினோடு மருந்தடிக்கிறவர் வந்துவிட்டார். நான்தான் வரச் சொன்னேன். தொடங்கும் முன் எதற்கோ மதிலைச் சுற்றிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். கிணற்றை இதுவரை நான் பார்த்ததே இல்லை. நம் மதிலில் கை வைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கலாம், அவ்வளவு பக்கம்.

அவள் வாசலில் வந்து நின்றாள். "அடிக்கப் போறீங்களா அக்கா?"

இடுப்பிலிருந்த குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. விளிம்புக்கு மேலாக என்னையே பார்த்தது.

திரும்பி வந்து, "பின்பக்கம் வேணாம், மிஷினை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"மருந்தில்லாம நான் உறுதி சொல்ல முடியாதும்மா."

"சொல்ல வேணாம். வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

மரம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது, மண்ணுக்குள் பலகை கிடக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள் என்றார். இவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்க்கட்டும். இன்னும் நான் பேசுவதாக இல்லை.

செப்டம்பர் 18

இவர் தோண்டினார், நான் மண்ணை அள்ளினேன். சுவரோரம் முழங்கால் ஆழத்தில், கான்கிரீட் போட முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் கிடந்தன. வேலையாட்கள் அள்ளிப்போடச் சோம்பல்பட்டு மண்ணோடு மூடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கரையான் மொய்த்துக் கூடாகிப் போயிருந்தது. இதையும் இவர்தான் மறைத்தாரோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? ஆனால் இவர் முகம் என்னைவிட வெளிறிப்போயிருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதல்தடவையாக அவர் வாயில் அந்தப் "பாத்துக்கலாம்" வரவில்லை. அரித்த நிலையை எடுத்துவிட்டு இரும்பு நிலை போட்டுத் தருவது தன் பொறுப்பு என்றார். பலகைகளைத் தூரக் கொண்டுபோய் எரித்தோம். புகையில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். புகைதான்.

அக்டோபர் 7

இரும்பு நிலை, இரும்பு அலமாரி. அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளியே போட்டிருக்கிறேன். தினம் காலையில் மூலைமுடுக்கெல்லாம் குனிந்து பார்க்கிறேன். நிம்மதி என்று சொல்ல முடியாது.

மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு கத்தல்: "அக்கா, உங்க சுவர்ல மண் கோடு!" அலறியடித்துக்கொண்டு ஓடினேன். மழையில் தெறித்த சேறு. துடைத்துக் காட்டினேன். அவளுக்கு வெட்கம். அவள் பக்கம் தெரிகிற நம் சுவரை அவளும் தினம் பார்க்கிறாளாம். நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 21

மழை விட்டது. கரையான் இல்லை, இன்றுவரை.

காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"பின்வீட்டுல ஏணி கேட்டாங்க. குடுக்கட்டுமா?"

ஏணிக்குக்கூடக் கேட்கிறார்.

"குடுங்க" என்றேன்.

இவர் அப்படியே நின்றார். சிரிக்கலாமா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஏணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.