வேப்பமரத்து வெள்ளை வால்

13 மே 1979, ஞாயிறு

அந்தக் குருவியை முதலில் பார்த்தவள் நான். போன வாரம் மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தபோது பின்பக்கத்து வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, ரிப்பன் போல நீண்ட வால். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கோடையில அது ஸ்ரீரங்கத்துல இருக்காது. நீ வாலாட்டியைப் பாத்திருப்ப" என்றார், பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே. வாலாட்டி தினமும் கிணற்றடிக்கு வருகிறது. எனக்குத் தெரியாதா?

இன்று விடியற்காலையிலேயே ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு கொள்ளிடத்து மணலில் பறவை பார்க்கப் போனார். ஆள்காட்டிக் குருவியைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் வெயிலில் கருகித் திரும்பினார்கள். மூவருக்கும் மாடிக்கு மோர் கொண்டுபோனேன். அதே மரத்தில் அதே குருவி.

"என்னங்க, அங்க பாருங்க" என்றேன். மூன்று பைனாகுலரும் திரும்பின.

"உங்க வீட்டு மரத்துலயே இருக்கே சார்" என்றார் ஒரு நண்பர்.

"ஒரு வாரமாவே எனக்குச் சந்தேகம்தாங்க" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போதும் அதே பெருமைதான். "ஒத்தை ஆண் குருவி. வழி தவறி வந்திருக்கு" என்று எனக்கே பாடம் நடத்தினார். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஒற்றையாம். அடுத்த வீட்டு மாமரத்தில் கிண்ணம் மாதிரி கூடு இருக்கிறது. நீண்ட வால் இல்லாத செம்பழுப்புப் பெட்டையும் இதுவும் அதில் மாறி மாறி அடைகாக்கின்றன. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

என்றைக்காவது சமையலறைக்குள் வந்தால் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.