அக்காவின் கடதாசிகளும் ஓர் அரை மணித்தியாலமும்

என்ரை ஆசை அக்காவுக்கு,

முதலில் உன்ரை டாரட் கடதாசிக் கட்டைப் பற்றி, அந்தக் குறிபார்க்கிற சீட்டுக்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய். அது அரிசிமாத் தகரப் பேணிக்குள் பத்திரமாக இருக்கிறது. உன்ரை அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்க் கடலில் எறிய வேண்டும் என்று அண்ணை வீடு முழுக்கத் தேடினார். "உந்தச் சனியனை வீட்டுக்குள்ள வைச்சிருக்கக் கூடாது" என்று உன்ரை அலுமாரி, தலையணை உறை, சாமியறை எல்லாம் கிளறினார். அவர் தன் வாழ்நாளில் குசினிக்குள் கால் வைத்ததில்லை, அதனால் கட்டுத் தப்பியது. இப்போது எந்தக் கடதாசியை எடுத்தாலும் விரலில் மா ஒட்டுகிறது.

உனக்குக் கல்வெட்டும் அடித்தோம். இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: செத்தவரின் வரலாற்றையும் புலம்பல் பாட்டையும் புத்தகமாக அச்சடித்து முப்பத்தோராம் நாள் சனத்துக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். உன்ரை அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து முன்னால் போட்டிருந்தார்கள். உள்ளே, "இல்லறம் நாடாமல் இறைவனையே நாடினாள்" என்று ஒரு பாட்டு. பந்தியில் இருந்த சனம் அதை வாசித்துத் தலையாட்டிவிட்டு வடையைக் கடித்தது.

நீயா நாடவில்லை?

பருத்தித்துறையிலிருந்து அந்தப் பெடியன் தாயோடு உன்னைப் பொம்பிளை பார்க்க வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். நீ சுட்ட உழுந்து வடையை அவன் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். போகும்போது படலையடியில் திரும்பிப் பார்த்தான், நீ யன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தாய். ஒரு கிழமையில் சாத்திரியார் சொல்லிவிட்டார், உனக்கு எட்டில் செவ்வாய், புருசனுக்கு ஆகாது என்று. அப்பா அந்தச் சாதகத்தைச் சுருட்டிச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார். அதோடு உன்ரை கதை முடிந்தது. பிறகு வந்த பேச்சுக்கால் எல்லாம் அந்தச் சுருளை விரித்தவுடன் எழும்பிப் போனது.

என்ரை சாதகம் அப்படியா? எல்லாப் பொருத்தமும் பொருந்தியது என்று ஊரே கொண்டாடியது. உன்னை முந்திக்கொண்டு நான் மணவறை ஏறினேன். என்ரை கூறைக்கு நீதான் கொசுவம் பிடித்தாய், பிறகு உன்னைப் பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். அவ்வளவு பொருத்தம் பார்த்துக் கட்டிய மனிசன், எங்கடை மகள் துளசி நடக்கத் தொடங்கின வருசமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்போது மட்டும் ஒருவரும் சாத்திரியாரிடம் போய் ஏன் என்று கேட்கவில்லை. நீதான் என்னையும் பிள்ளையையும் மானிப்பாய் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு தீத்தினாய்.

அந்தக் கடதாசிக் கட்டைப் பிரான்சிலிருந்து வந்த மச்சாளின் மகள் மறந்து விட்டுவிட்டுப் போனாள். தெரிந்த இங்கிலீசையும் ஃபோனில் பார்த்த வீடியோக்களையும் வைத்து நீயாகவே பழகினாய். விளங்காத இடத்துக்கு நீயே கதை கட்டினாய். லாம்பு பிடித்துக்கொண்டு நிற்கிற துறவியைப் பார்த்து, "சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள இந்த மனுசன் எங்கை மண்ணெண்ணெய் எடுத்தவர்?" என்றாய். மூன்று பெண்கள் கிண்ணம் தூக்கி ஆடுகிற படம் உனக்குக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற பெண்டுகள். நாய்க்குட்டியோடு பள்ளத்தைப் பார்க்காமல் நடக்கிற பைத்தியக்காரனுக்கு விசரன் என்று பேர் வைத்தாய். அவனில் உனக்குத் தனி விருப்பம்.

காலமை சாமிக்கு விளக்கு வைத்ததும் ஒரு கடதாசி எடுப்பாய். அம்மன் படத்துக்குக் கீழே அதைச் சாத்தி வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க நடக்கிறதில் அதைத் தேடுவாய். வாள் வந்தால், "இண்டைக்கு என்ரை நாக்கை நான் பாத்துக்கொள்ளோணும்" என்பாய். மீன்காரனோடு பேரம் பேசும்போது அந்த வாள் உனக்கு ஞாபகம் வந்து பாதியில் சிரிப்பாய். நடக்கப்போகிறது என்ன என்று நீ ஒருநாளும் அதனிடம் கேட்டதில்லை. கும்பிடுகிறதும் கடதாசி எடுக்கிறதும் உனக்கு ஒரே வேலையாக இருந்தது.

பின்னேரத்தில் சனமும் வரத் தொடங்கியது. கறிவேப்பிலை ஆய வந்தோம், தையல் ஊசி வாங்க வந்தோம் என்று வருவார்கள். வெளிநாட்டுப் புருசன் ஃபோன் எடுப்பதை விட்டுவிட்டான் என்று ஒருத்தி அழுதாளே, அவளுக்குத் தலைகீழாய்த் தொங்கிறவனின் கடதாசி வந்தது. நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இதில ஆர் தொங்கிறது? அவரோ, நீயோ?" என்று மட்டும் கேட்டாய். அவள் எழும்பிப் போனாள். இப்போது சந்திக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள்.

அண்ணைக்கு அதெல்லாம் கிறிஸ்தவச் சாமான், பிசாசு வேலை. "வேதக்காரற்ரை கடதாசியை அம்மனுக்கு முன்னால வைக்கிறியே, உனக்கு விசரே?" என்று கத்துவார். அவரே ஞாயிற்றுக்கிழமையில் பொழுதுபடும்வரை இருந்து கடதாசி விளையாடுகிற ஆள்தான். நீ ஒருக்கால் மட்டும் திருப்பிச் சொன்னாய்: "அண்ணை, என்ரை சாதகம் ஒருக்கா எழுதினது எழுதினதாப் போச்சு. இதையெண்டால் நான் கலைச்சுப் போட்டுத் திருப்பி எடுப்பன்." அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் போய்த் தேங்காய் துருவினேன்.

அடுத்தது துளசி. அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பண்டத்தரிப்புப் பெடியனை அவளுக்குப் பிடித்ததும், அவனுடைய தாய் சாதகம் கேட்டதும், அதிலும் எட்டில் செவ்வாய் என்று வந்து பேச்சு நின்றதும் உனக்குத் தெரியும். "உவளும் பெரியம்மாவின்ரை ராசிதான்" என்று அண்ணை உனக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார். நீ அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. மற்ற நாள் துளசியைக் கூப்பிட்டுக் கட்டைக் கையில் கொடுத்தாய்.

"கலைச்சு ஒண்டை எடு பிள்ளை."

அவள் எடுத்தாள். இடி விழுந்து உடைகிற கோபுரம் வந்தது. அவளுடைய முகம் வாடியது.

"பிடிக்கேல்லையே? வை. திருப்பிக் கலை."

"அப்பிடிச் செய்யலாமே பெரியம்மா?"

"ஆர் மறிக்கிறது? உனக்குப் பிடிச்ச படம் வருமட்டும் கலை."

ஆணும் பெண்ணும் உடுப்பில்லாமல் நிற்கிற படம் வந்தபோது நீ பெருவிரலால் மறைத்தாய், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கடைசியாக விசரன் வந்தான். நாய்க்குட்டி வடிவாயிருக்கு என்று அவள் அதையே வைத்துக்கொண்டாள். உனக்கென்று ஏன் அக்கா ஒருநாளும் அப்படிக் கலைத்துப் பார்க்கவில்லை? அல்லது நான் காணாத நேரத்தில் பார்த்தாயா?

அந்த மாரியில் வந்த காய்ச்சலோடு நீ போய்விட்டாய். நான் இந்தக் கடிதம் எழுதுகிறது அதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான்.

போன மாதம் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். வேறொரு ஊர்ச் சாத்திரியாரிடம் துளசியின் சாதகத்தைக் காட்டினாராம். அந்த மனிதர் பிறந்த வருசத்தைப் பார்த்துவிட்டு, "உது பழைய நேரமோ, புதுநேரமோ?" என்று கேட்டாராம். உனக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலத்தில்தான் துளசி பிறந்தாள். கோயில் பூசை பழைய நேரத்தில், பள்ளிக்கூடம் புதுநேரத்தில். அப்பா சுவர் மணிக்கூட்டை மாற்றவே மாட்டேன் என்று நின்றார். ஆனால் ஆஸ்பத்திரியில் புதுநேரம்தான் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும் என்று எங்கடை சாத்திரியாருக்கு நினைவு வரவில்லை. கழித்தால் இலக்கினம் மாறுகிறது, எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விடுகிறது.

"பிள்ளைக்கு ஒரு குற்றமும் இல்லையடி! நான் பெடியன் வீட்டாருக்கு அறிவிச்சிட்டன். வெள்ளிக்கிழமை வருகினம்."

நான் ஆட்டிக்கொண்டிருந்த மாவை அப்படியே விட்டேன். "அப்ப அக்காவின்ரை சாதகம்? அதையும் கொண்டுபோய்க் காட்டினனீங்களோ?"

"அதை ஏன்? அவள் பிறக்கேக்கை ஒரே நேரம்தானே. அவளுக்கு எழுதினது சரியாத்தான் எழுதினது." என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரித்தான் அதைச் சொன்னார். "எங்களிலை ஒரு பிழையும் இல்லை."

கேட்டாயா அக்கா? உன்ரை விசயத்தில் ஒரு பிழையும் இல்லையாம். எல்லாம் சரியாகக் கணித்து, சரியாக எழுதி, சரியாக உன்னைக் குசினிக்குள் விட்டிருக்கிறோம். ஆரோ கொழும்பிலிருந்து மணிக்கூட்டு முள்ளைத் தள்ளினதால் என்ரை மகளுக்கு வாழ்க்கை கிடைக்கிறது. உனக்கு அந்த முள்ளைத் தள்ள ஒரு அரசாங்கம்கூட இல்லாமல் போய்விட்டது.

அண்ணை போனதும் துளசியிடம் சொன்னேன், அந்தத் திருத்தின சாதகத்தை நான் கொடுக்கமாட்டேன் என்று. சாதகம் பார்த்துத்தான் கட்டுவம் என்கிற வீட்டுக்கு அவள் போகத் தேவையில்லை என்றும் சொன்னேன். உனக்காகத்தான் அக்கா, சொன்னேன். அவள் என்னை நேரே பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மாவை ஒரு சாதகம் மறிச்சுது. என்னை நீங்கள் மறிக்கப் போறீங்களோ?"

நான் திரும்பி மாவை ஆட்டத் தொடங்கினேன்.

"எனக்கு அவரைக் கட்டோணும். உது பொய்யோ மெய்யோ எனக்குத் தேவையில்லை. திறக்கிற கதவைச் சாத்தாதேங்கோ."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? உன்ரை பேரைச் சொல்லி இன்னொரு பெட்டையை வீட்டில் இருத்தினால் நீ என்னை மன்னிப்பாயா?

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பெடியன் நல்லவன், எழும்பிவந்து உன்ரை படத்தைக் கும்பிட்டான். தாய்க்காரி எங்கடை கல்வெட்டை வாசித்திருக்கிறா போல. உன்ரை படத்தைப் பார்த்து, "கொடுத்துவைச்சவ. கலியாணம் காட்சி எண்டு ஆசைப்படாமல் சாமியாராவே வாழ்ந்திட்டா, என்ன?" என்று கேட்டா.

அண்ணை தேத்தண்ணியோடு, "ஓமோம்" என்றார்.

"இல்லை" என்றேன் நான். "எங்கடை அக்காவுக்குக் கலியாணம் கட்ட விருப்பம் இருந்தது. பிள்ளையளும் விருப்பம். நாங்கள்தான் கட்டி வைக்கேல்லை."

அண்ணைக்குப் புரையேறியது. தாய்க்காரி என்னையும் பார்த்து, துளசியையும் பார்த்து, கோப்பையைக் கீழே வைத்தா. சம்பந்தம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த மனுசி உன்ரை படத்தைத் திரும்பிப் பார்த்து, "எங்கடை வீட்டிலையும் அப்பிடி ஒராள் இருக்கிறா, என்ரை மச்சாள்" என்றா. பிறகு கீழே வைத்த கோப்பையைத் திருப்பி எடுத்தா. ஆவணியில் கலியாணம்.

அன்றைக்கு இரவு அண்ணை என்னோடு கதைக்கவில்லை, இன்றைக்கும் கதைக்கவில்லை. கதைக்காமலே இருக்கட்டும். எனக்கும் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

நானும் இப்போது காலமையில் ஒரு கடதாசி எடுக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, உன்ரை கைபட்டது என்பதற்காக எடுக்கிறேன். இன்றைக்கு லாம்புக்காரத் துறவி வந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலமும் லாம்பை வைத்துக்கொண்டு எங்கே நின்றவர்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். துளசிக்குப் பிள்ளை பிறக்கும். அந்த நாள் இந்த வீட்டு மணிக்கூட்டில் பற்றரி இருக்காது, நானே கழற்றி வைப்பேன். ஆஸ்பத்திரியில் எழுதுவார்கள், எழுதட்டும். அந்தத் துண்டு என்ரை கைக்கு வந்தால் அடுப்புக்குள் போகும். அண்ணை கோபத்தை மறந்து ஓடிவருவார், "பிறந்த நேரம் என்ன?" என்று கேட்பார். பழைய நேரமோ புதுநேரமோ எனக்கு ஒரு நேரமும் தெரியாது, பிள்ளை பிறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுவேன். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கையால் பிடிக்கத் தெரிந்ததும் மாப் பேணியைத் திறந்து உன்ரை கட்டைக் கொடுப்பேன். பிடித்த படம் வருமட்டும் அது கலைக்கட்டும்.

எட்டில் செவ்வாய் இல்லாததால் மட்டும்
உன்னை முந்தி மணவறை ஏறிய
உன்ரை தங்கச்சி