அந்தக் கறுப்பு நீ இல்லை, அக்கா

என் அன்பு அக்கா,

முதலில் என்னைப் பொறுத்துக்கொள். ஒரே ஊரில் இருந்ததால் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இப்போது நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். ஆனால் நேரில் சண்டை போட எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரிடமே நான் மெசேஜில்தான் பேசுகிறேன்.

உன் மகள் சுபியைப் பற்றித்தான் இது.

பள்ளியில் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து வரச் சொன்னார்கள். காந்தத்தைக் கண்டால் நகரும் ஸ்லைம் செய்வோம் என்று அவளே முடிவு செய்தாள். கையில் பிசைந்தால் ஜவ்வாக இழுபடுமே, அதுதான். அதில் இரும்பு கலந்த ஏதாவது வேண்டும். "சித்தி, சங்குமுகத்து மணல்ல கறுப்பா இருக்குமே, அது காந்தத்துல ஒட்டும்னு டீச்சர் பறஞ்சாங்க" என்றாள், அவளுடைய பாதி மலையாளத்தில்.

ஞாயிற்றுக்கிழமை என் ஹாஸ்டலிலிருந்து வந்து அவளைச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஆபீஸில் கழித்துப்போட்ட ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த காந்தம் என்னிடம் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காய்ந்த மணலில் இழுத்துக்கொண்டே ஓடினாள். பூனை முடி மாதிரிக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தை உறையிலிருந்து வெளியே எடுத்ததும் எல்லாம் டப்பாவில் உதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து பசை, கொஞ்சம் ஆப்பசோடா, நான் கண் லென்ஸ் கழுவும் தண்ணீர், கூடவே அந்தக் கருமணல். பிசைந்து வைத்ததும் தட்டில் தார் போலக் கிடந்தது. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது ஒரு விரலை நீட்டியது, அக்கா. மெல்ல ஊர்ந்து காந்தத்தின் மேல் ஏறி அதை முழுசாக மூடிக்கொண்டது. நீ போன பிறகு சுபி சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உன் நாத்தனார் அடுக்களையிலிருந்து வந்தார். இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்வது அவர்தான். சுபிக்குச் சோறு போடுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மண் எங்கேயிருந்து என்று கேட்டார். சுபி சொன்னாள்.

"உங்க அம்மைய கடல்ல கரைச்ச எடத்துலயா போயி மண்ணு வாரிட்டு வந்தே? அந்தக் கறுப்பு உங்க அம்மையாக்கும். அதையா பிசைஞ்சு களிக்கே?"

தட்டோடு எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கொட்டினார். அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு மறுபடி கூட்டினார். உன் கணவர் செய்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை சுபி கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "நான் பிசைஞ்சப்போ அம்மைக்கு வேதனிச்சிருக்குமா, சித்தி?" என்று கேட்டாள்.

ஒரு குழந்தையின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வியை வரவைக்க யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

பூஜை அலமாரியிலிருந்து திருநீற்றை எடுத்துக் காகிதத்தில் தூவினேன். அடியில் காந்தத்தை நகர்த்தச் சொன்னேன். ஒரு துகளும் அசையவில்லை. சாம்பல் காந்தத்துக்கு வராது, பார்த்தாயா என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அது சாமி சாம்பல், வேறே என்றாள். சரி என்று, அடுத்த தெருவில் வீடு கட்டக் குவித்திருந்த மணலுக்குக் கூட்டிப்போனேன். பாறையை உடைத்துப் பொடித்த மணல், கடலையே பார்க்காதது. அதிலும் காந்தத்தில் அதே கறுப்பு முடி. இரும்பு கலந்த கல்லின் பொடி இது, கடற்கரையில் இருப்பதும் இதுதான் என்று சொன்னேன்.

அவள் அந்தக் கறுப்பு முடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ அது அம்மை இல்ல" என்றாள். இல்லை என்றேன்.

"அப்போ அம்மை எவிடெ?"

நம் குடும்பத்தில் முதன்முதலாக நான்தான் பட்டம் வாங்கினேன். அம்மா எங்கே என்று அதில் சொல்லித்தரவில்லை. உனக்காவது தெரியுமா?

வீட்டுக்குத் திரும்பி வந்து உன் நாத்தனாரிடம் நானே வாயைத் திறந்தேன். மதினி, அது சாம்பல் இல்லை, வெறும் கல்லுப்பொடி என்று எல்லாம் விளக்கிச் சொன்னேன். அவருக்குத் திருநீறு மட்டும்தான் காதில் விழுந்தது. "திருநீறையும் வெச்சுக் களிச்சாச்சா? காலேஜ்ல இதாக்கும் படிச்சது" என்றார். ஆடி அமாவாசைக்கு, இங்கே கர்க்கிடக வாவு என்பார்களே, அன்று அத்தான் கடற்கரையில் உனக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது சுபி உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்போதுதான் தோஷம் தீருமாம்.

இப்போது அவள் அதைப் பள்ளிப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்கிறாள். 'அம்மா, அறியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிரு.' நீ இதை நம்புகிறாயா என்று கேட்டேன். "இல்ல. ஆனா அத்தை சொன்னா சொல்லணுமில்லே" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அக்கா. காய்ச்சலோடு நீ துணிக்கடையில் நாள் முழுக்க நின்றாய். வீட்டுக்குள் கால் வைத்ததும் உன்னிடம் காபி கேட்டவர்கள் இவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியவர்கள் இவர்கள். அதற்கெல்லாம் இந்த வீட்டில் ஒருவரும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. பசையும் மணலும் பிசைந்த பிள்ளை மட்டும் கேட்க வேண்டுமா?

பள்ளிக்கு வேறு ஸ்லைம் செய்யப் போகிறோம். என் ஹாஸ்டல் அறையில், அவள் கையாலேயே, அதே சங்குமுகத்து மணலில். வாவு அன்று லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நிற்பேன். சுபி மன்னிப்புக் கேட்க மாட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒன்று மட்டும் கேட்க இவ்வளவு நேரம் தயங்கினேன். ஒருவேளை என் குரல் எழும்பாமல் போய், அவள் அந்த வரியைச் சொல்லிவிட்டால், நீ மன்னித்துவிடாதே. நீ எல்லாரையும் மன்னித்தவள், அதனால்தான் பயமாக இருக்கிறது. 'எதுக்குட்டி மன்னிப்பு?' என்று மட்டும் அவளிடம் கேள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் காதில் விழுகிற மாதிரிக் கேள்.

உன் கூடப்பிறந்தவள், சுபியின் சித்தி,
செல்வி