வால்பக்கத்துக் குழாய்

ஸ்ப்ரூஸ் பெண்ட், அலாஸ்கா
1974 மே 12

அன்புள்ள ரோவி,

நீ கேட்டபடி எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். எனக்கு அவமானமானதைக்கூட மறைக்க மாட்டேன்.

உங்கள் விமானத்தை வாங்குவதற்குமுன் அப்பாவும் நானும் நேற்றுப் போய்ச் சோதித்தோம். உன் அப்பா லைல் மாமா கொட்டகைச் சாவியை மட்டும் அனுப்பிவிட்டு நகரத்திலேயே இருந்தது நல்லதுதான். கண் பரிசோதனையில் தேறாமல் பறக்கும் உரிமத்தை இழந்தவர், தன் விமானத்தை இன்னொருவர் தட்டிப் பார்ப்பதை எப்படித் தாங்குவார்?

அது மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் வைத்து, சோற்றுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. 1946இல் செய்தது என்று நம்பவே முடியவில்லை. அப்பா இறக்கைத் துணியை விரலால் சுண்டினார். மத்தளம்போல் ஒலித்ததும் தலையாட்டினார். இன்ஜினில் கசிவு பார்க்கும்போது புரொப்பெல்லரை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு, "நீதான் ஒல்லி. உள்ள போய் வால் வரைக்கும் பாத்துட்டு வா" என்றார். துணிக்குள்ளே விமானத்தின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் இரும்புக் குழாய்களின்மேல் பலகை போட்டு, டார்ச்சோடு ஊர்ந்து போனேன். கடைசியில் ஓர் எலிக்கூடு, அதில் உன் சிவப்புக் கையுறையின் நூல்! அள்ளி எடுத்தேன். குழாய்களெல்லாம் புதுப் பச்சைப் பெயிண்டில் மின்னின. "பிரமாதம்ப்பா!" என்று கத்தினேன்.

இனி அவமானம். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். கால் மிதிகளில் உனக்கு எட்டுவதற்காக லைல் மாமா திருகி வைத்த மரக்கட்டைகள் அப்படியே இருக்கின்றன. உன் கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டன. அப்பா எட்டிப் பார்த்து, "பன்னண்டு வயசுல மூணு சக்கரமும் ஒண்ணாத் தொடற மாதிரி இறக்கினா அந்தப் பொண்ணு. நீயும் இருக்கியே, புஸ்தகத்துக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு!" என்றார். அந்தக் கட்டைகளைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. காலை வைத்துப் பார்த்தேன். எட்டியது.

மாதக் கடைசியில் விலை பேசி முடிக்கிறார்களாம்.

உன்,
தோரா


ஆங்கரேஜ்
மே 17

தோரா,

என் கட்டைமேல் யாரைக் கேட்டுக் காலை வைத்தாய்?

உனக்கு ஆறு இருக்கிறது, ஓடுதளம் இருக்கிறது, பறக்கிற அப்பா இருக்கிறார். எனக்கு மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல். மேலே ஏதாவது பறந்தால், அது எந்த விமானம் என்று அப்பா சத்தத்தை வைத்தே சொல்கிறார். நான் தலையணையால் காதை மூடிக்கொள்கிறேன். இப்போது எங்கள் விமானமும் உனக்கே கிடைக்கப்போகிறது!

எனக்கு ஒன்று செய். வால் தாழ்ந்து நிற்கிற விமானம், தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். துரு என்றால் யாரும் நம்புவார்கள். 'இடப்பக்கத்து அடிக்குழாய் கடைசி இணைப்புக்கிட்ட ஓட்டை' என்று உன் அப்பாவிடம் சொல். வாங்க மாட்டார். அந்தப் பேச்சு பரவினால் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். நான் உரிமம் வாங்கும்வரை அது கொட்டகையிலேயே கிடக்கட்டும்.

உண்மையில் அங்கே ஒன்றுமில்லை. அப்பா பெயிண்ட் அடித்தபோது நான்தானே டார்ச் பிடித்தேன்!

சொல்ல முடியாதென்றால் எனக்கு இனிமேல் எழுதாதே.

ரோவீனா


ஸ்ப்ரூஸ் பெண்ட்
மே 24

அன்புள்ள ரோவி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இடம் கல்லுமாதிரி இருக்கிறது என்று எழுதி உன் மூக்கை உடைக்கத்தான் இன்று மறுபடி உள்ளே ஊர்ந்தேன். நீ சொன்ன குழாயில் குத்தூசியை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் பிளந்து, ஊசி பிடிவரை உள்ளே போய்விட்டது.

எலிக்கூடு நீர் வடியும் துளையை அடைத்திருந்திருக்கிறது. துருவின் மேலேயே பெயிண்ட் பூசியிருக்கிறது. லைல் மாமா மறைக்கவில்லை, ரோவி. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் அங்கேயே படுத்திருந்தேன். வாயைத் திறந்தால் விமானம் போய்விடும், திறக்காவிட்டால் எங்களுடையது. கொசு பிடுங்கியது. அப்பா அதை ஓட்டும்போது வால் தனியே போவது கண்முன் வந்தது.

"அப்பா, ஓட்டை!"

"அன்னிக்குப் பிரமாதம்னியே?"

"அன்னிக்குப் பெயிண்டைத்தான் பாத்தேன்."

"இப்ப அங்க குத்திப் பாக்கச் சொன்னது யாரு?"

"ரோவீனா."

அப்பா விசிலடித்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒவ்வொரு குழாயும் அத்துப்படி!"

நீ இட்டுக்கட்டிச் சொன்னாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அப்ப வாங்க மாட்டியா?"

"ஏன் வாங்காம? கெட்டதை வெட்டிட்டு வேற குழாய் வெல்டு வெச்சா ஆச்சு. லைல்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். கோடைக்கு அந்தப் பொண்ணை வரச் சொல்லி எழுது. சரி பண்ணினதும் எங்கூட முதல்ல ஏற வேண்டியது அவதான்."

இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். உனக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேனே. அதனால் வா. கட்டைகளைக் கழற்றவில்லை. இரண்டாவது முறை ஏறுவது நான்தான். அதில் மாற்றமில்லை.

இதை முன் இருக்கையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கால் கட்டைமேல்தான் இருக்கிறது. கோபித்துக்கொள். "எழுதினது போதும், கீழ இறங்கு" என்று அப்பா கூப்பிடுகிறார். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. கொட்டகை விளக்கை அணைத்துவிட்டார்.

தோரா